மூச்சுக்கு ஒரு ‘ம்’

கடலுக்கடியில் போய்விட்டு வந்ததிலிருந்து என்னை ஊரில் ஒரு விசாரணைக் கவுன்ட்டர் ஆக்கிவிட்டார்கள். காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடக்கிற பெண்களில் ஆரம்பித்து, எங்கள் கடைக்கு மோட்டார் வாங்க வருகிறவர்களின் மருமகள்கள் வரைக்கும், “ஏனுங்க, அந்த டைவிங் போறதுக்கு என்னென்ன வேணுமுங்க?” என்று கேட்கிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மாலத்தீவுக்குப் போக நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கினதும் அங்கேயே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். திரும்பி வருகிற டிக்கெட்டும் தங்குகிற இடத்தின் ரசீதும் கையில் இருக்கட்டும். கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கொச்சி விமான நிலையம்தான் சௌகரியம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறினால் பாலக்காடு, திருச்சூர் தாண்டி மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள், தீவுக்குத் தீவு போகிற படகுகள் அன்றைக்குக் குறைவு. ரம்ஜான் மாதம் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்கள் வசிக்கிற தீவுகளில் பகலில் ஓட்டல் திறக்க மாட்டார்கள். அங்கே ப்ளக் நம்முடையது போல உருண்டைக் கால் இல்லை, சதுரக் கால். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க்கை இங்கேயே சொல்லிச் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போய் மங்கலாக எதையோ பார்த்துவிட்டு வருவீர்கள். சளி இருந்தால் தண்ணீருக்குள் போகவே போகாதீர்கள், காது உயிரை எடுத்துவிடும்.

முக்கியமாக, கடைசி டைவுக்குப் பிறகு ஒரு முழு நாள் விமானம் ஏறக்கூடாது. ஆழத்தில் சுவாசித்த காற்று உடம்புக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். அது மெல்ல மெல்ல வெளியே போக வேண்டும். அதற்குள் மேலே பறந்தால் குலுக்கித் திறந்த சோடா பாட்டில் கதைதான். அதனால் கடைசி நாளைச் சும்மா உட்கார்ந்திருக்க என்று ஒதுக்கி வையுங்கள். எனக்கு வாய்த்ததைப் போல ஒரு கடைசி நாள் எல்லோருக்கும் வாய்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “அப்பறம், வாய் ஓயாமப் பேசற ஆளு ஒருத்தரைக் கூட்டீட்டுப் போங்க” என்று முடிப்பேன். சிரிக்கிறார்கள். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்னை அந்தக் கடலில் இறக்கியே இருக்க மாட்டார்கள்.

என்னோடு வந்தவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். ஈரோட்டில் அவர்களுக்கு மொத்த ஜவுளிக்கடை. கல்யாணமான புதிதில் தொடங்கியது, இருபது வருஷத்துக்கு மேலாக, சாயங்காலமானால் எனக்குப் போன் வந்துவிடும். கடைக்கு வந்தவர், வராதவர், சம்பந்தி வீட்டு நாய் குட்டி போட்டது, எதிர்வீட்டில் பெயின்ட் அடித்தது எல்லாம் வரும். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்திரிக்காய் நறுக்குவேன், துணி மடிப்பேன், குக்கர் விசில் எண்ணுவேன். என் வேலை ‘ம்’ கொட்டுவது ஒன்றுதான். ஒரு ‘ம்’ தவறினால் போதும். “கேக்கறியா அம்மணி?” என்று அங்கேயே வண்டி நின்றுவிடும்.

நங்கையாவுக்கு வலது காது சரியாகக் கேட்காது. பள்ளிக்கூட வயதில் பவானிப் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்துக் குதித்துச் செவிப்பறையில் ஓட்டை. அது ஆறவே இல்லை. அடுத்தவர் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, தானே பேசிவிடுவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார் என்பது என் கணக்கு. அவரிடம் இதைச் சொன்னதில்லை.

தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாட்களில் மத்தியானத்தில் கடை காலியாக இருக்கும். அப்போது போனில் கடலுக்கடியில் எடுத்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். முதலில் மீன்கள். பிறகு ஆமை. ஆமை வந்த பிறகு மற்றது எதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

“எத்தனை நிதானமாப் போவுது பாரு அம்மணி. நம்மூட்டு ஆளுக ஒருத்தராச்சும் இப்படிப் போறாங்களா? ஒருக்கா நேர்ல போயி அதுகூடக் கொஞ்ச தூரம் போயிபோட்டு வரோணும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. நீச்சலுடுப்பு, முழுக்கை முழுக்கால் வைத்தது, கத்திரிப்பூ நிறத்தில் வாங்கிவிட்டார். தேதி பார்த்து டிக்கெட்டும் போட்டுவிட்டார். துணைக்கு நான். என் கணவர் வரவில்லை. பூமிக்குள் எத்தனை அடி ஆழத்திலும் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கிக் கொடுப்பவர், தன் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முகம் வெளுத்துவிடுவார். “பவானிக் கூடுதுறைல ரெண்டு முங்கு போட்டாப் பத்தாதாக்கா? எதுக்கு அத்தனை தூரம்?” என்று அக்காவிடம் கேட்டார். பதில் சொல்லத் தகுதியில்லாத கேள்விகளை வலது காதில் வாங்கிக்கொள்வது அக்காவின் வழக்கம்.

டைவிங் செய்ய டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் இரண்டு பேரும் போனோம். என்னைப் பார்த்தார், சரி என்றார். நங்கையாவின் வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். இந்தக் காதோடு டைவிங் கூடாது என்றார். மேலோட்டமாக நீந்தலாமா என்று கேட்டதற்கு, தலை நனையவே கூடாது என்றார். பஞ்சு வைத்துக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு என்று நங்கையா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டி மறுத்தார்.

திரும்பி வரும்போது அவிநாசி ரோட்டு மேம்பாலம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் பேசினார்.

“நீ போ. போயி அந்த ஆமையப் பாத்துபோட்டு வந்து எனக்குச் சொல்லு. ஒண்ணு உடாமச் சொல்லோணும். நான் கரையில உக்காந்துக்கறேன்.”

“நீங்க இல்லாம நான் மட்டும் உள்ள போயி என்னங்க பண்றது நங்கையா? டிக்கெட்டை வேணா ரத்து பண்ணிப்போடலாமுங்க.”

“ரத்து பண்ணுனா நானும் பாக்கமாட்டேன், நீயும் பாக்கமாட்டே. நீ பாத்தாப் பாதியாச்சும் பாத்தாப்பல ஆகும்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்கு ஆமை மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. துணைக்குப் போய் நாலு நாள் சமைக்காமல் இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் என் திட்டம். அன்றைக்கு அந்தக் கத்திரிப்பூ நிற உடுப்பை என் மடியில் வைத்து, “உனக்குக் கொஞ்சம் லூசா இருக்கும், பிடிச்சுத் தெச்சுக்க” என்றார் பாருங்கள், அப்போது முடிவு செய்தேன். எப்பாடு பட்டாவது ஒரு ஆமையைப் பார்த்துவிட வேண்டும்.

பொங்கல் விற்பனை முடிந்த கையோடு கிளம்பினோம். நங்கையாவின் பெட்டியில் சின்ன ரைஸ் குக்கர், அரிசியும் பருப்பும் கலந்து கட்டிய பை, பூண்டு, வறுத்த நிலக்கடலை. அந்த ஊரில் முக்கால்வாசி சூரை மீன்தான், கவுச்சி தொடாத சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. கைப்பையில் எப்போதும் இருக்கிற குட்டிப் பிள்ளையார் பற்றி நான் ஞாபகப்படுத்தினேன். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். காரை நிறுத்தி, வழியனுப்ப வந்த என் கணவரின் சட்டைப் பையில் பிள்ளையாரைப் போட்டு, “நாலு நாளைக்கு நீ பாத்துக்க” என்றார். யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நகை போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போகக் கூடாது என்று டைவிங் சென்டரில் எழுதியிருந்தார்கள். தாலியைக் கழற்றவா என்று எனக்கு யோசனை. நங்கையா தங்கக் கொடியைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லி, ஈரோட்டு மஞ்சளில் தோய்த்த கயிற்றில் தாலியைக் கோத்து, “உடுப்புக்குள்ள உட்டுக்க, எந்த மீனுக்கும் தெரியாது” என்றார். இரண்டு நாள் கடலில் ஊறியும் அந்த மஞ்சள் போகவில்லை. என் கழுத்துத்தான் மஞ்சளாகிவிட்டது.

தலைநகரில் விமானம் இறங்கி, விரைவுப் படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போட்டு ஒரு வழியாகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும், அவ்வளவுதான் தீவு. தெருவெல்லாம் வெள்ளை மணல். ஊர்ப் பெண்கள் முழுக்கை உடுத்திக்கொண்டு போகிறார்கள், எங்கள் சேலையும் சுடிதாரும் அங்கே யார் கண்ணையும் உறுத்தவில்லை. தங்கும் விடுதிப் பெண்ணோடு நங்கையா தமிழில் பேச, அவர் தன் திவேகி மொழியில் பதில் சொல்ல, சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் குக்கரில் அரிசியும் பருப்பும் சாதம் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பயிற்சி. கரையோரத்தில் மார்பளவுத் தண்ணீர். நங்கையா படகுத்துறையில் நாற்காலி போட்டு, குடை பிடித்து, முந்தானையைக் காதோடு இறுக்கிச் சுற்றி உட்கார்ந்துகொண்டார். கத்திரிப்பூ நிற உடுப்புக்கு மேல் அவர்கள் கொடுத்த ரப்பர் உடுப்பை நான் மாட்டியது இலவம்பஞ்சு மெத்தைக்குத் தலையணை உறை போட்ட மாதிரி இருந்தது. அந்த ஊர்க்காரரான பயிற்சியாளர், முப்பது வயதுக்குள் இருப்பார், தெளிவான ஆங்கிலத்தில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கட்டை விரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல விரலை வட்டமாக வளைத்துக் காட்ட வேண்டும். தலையை ஆட்டக் கூடாது. எல்லாவற்றையும் விட முதல் விதி, மூச்சை எப்போதும் அடக்கக் கூடாது. உள்ளே இழுத்ததும் வெளியே விட வேண்டும், ஒரு நொடி கூட நிறுத்தக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து ஆபத்தாகிவிடும்.

இங்கேதான் எனக்கு வினை. சின்ன வயதில் பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் முங்கு நீச்சலில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மேலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைப் போடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய் எடுத்து வர வேண்டும். பையன்களெல்லாம் பாதியில் மேலே வந்து மூச்சு வாங்கும்போது நான் கல்லோடு சாவகாசமாக வருவேன். அதற்காக என்னைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். தண்ணீர் தலைக்கு மேல் போனால் மூச்சு அடங்கிவிட வேண்டும் என்று என் உடம்பு அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது வாயில் காற்றுக்குழாய் இருக்கிறது, இழுத்தால் காற்று வருகிறது, ஆனாலும் தலை உள்ளே போன உடனே நெஞ்சு கதவைச் சாத்திக்கொள்கிறது.

குழாயிலிருந்து குமிழி வரவில்லை என்றால் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும். தோளைத் தட்டுவார். விடுவேன். மறுபடி சாத்திக்கொள்ளும். தட்டுவார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்கிற பதற்றத்தில் கட்டை விரலை உயர்த்துவேன், உடனே மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இப்படியே அந்தக் காலை முழுவதும். கடைசியில் தண்ணீரில் நின்றுகொண்டே தன்மையாகச் சொன்னார். சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போதும் மூச்சு அடங்கினால் நாளைக்குக் கடலுக்கு அழைத்துப் போக முடியாது, படகில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கலாம். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

படகுத்துறையில் நங்கையா எழுந்து நின்று, “ஆமை வந்துச்சா?” என்றார்.

“மாரளவுத் தண்ணீல ஆமை எங்கீங்க வரும்?” என்று எரிந்து விழுந்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கிவிட்டது. உடனே சரிசெய்துகொண்டு, “வா, சோறு திங்கலாம். வெறும் வயித்துல யாருக்கு மூச்சு வரும்” என்றார்.

சாப்பிடும்போது என் மனசைத் திருப்புவதற்காகப் பேச ஆரம்பித்தார். எத்தனையோ தடவை கேட்ட கதை. அவருடைய சின்ன மகனுக்குப் பெண் பார்த்து முடித்து, நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளச் சீர்த்தட்டுகளோடு வேனில் கிளம்பியிருக்கிறார்கள். பெண்ணைக் கோயிலில் வைத்துத்தான் பார்த்திருந்தார்கள், வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஊர் புதுப்பாளையம். எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு புதுப்பாளையம். டிரைவர் வேறொரு புதுப்பாளையத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு வீட்டில் பந்தல், வாழை மரம், வாசலில் கார்கள். அது ஒரு காதுகுத்து வீடு. இவர்கள் இறங்கியதும் அந்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்து, “வாங்க வாங்க” என்று கூட்டிப் போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வந்தவர்களை யார் என்று கேட்பது மரியாதை இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. சாப்பிடச் சொல்கிறவர்களிடம் நீங்கள் யார் என்று கேட்பது மரியாதை இல்லை என்று இவர்களும் கேட்கவில்லை.

“ரசத்துக்கு அப்பறம் எனக்கு லேசா ஒரு இது” என்றார் நங்கையா.

“ம்.”

“சம்பந்தியக் காணமே, எங்கீங்கன்னு எப்படிக் கேக்கறது?”

“ம்.”

“அதுக்குள்ள பட்டுப்பாவாடை கட்டுன ஒரு கொழந்தையக் கொண்டாந்து என்ற மடீல வெச்சு, ஆசீர்வாதம் பண்ணுங்கன்னாங்க.”

“ம்.”

“நானும் பண்ணிப்போட்டேன். தட்டெல்லாம் குடுத்தும் போட்டோம். ஏன் அம்மணி, மூச்சுக்கு ஒரு ‘ம்’ போடறே, ஆனாக் காதுல உழுந்தாப்பல தெரியலியே?”

காதில் விழவில்லைதான். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டு சாயங்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்னது மட்டும் சட்டென்று உறைத்தது. மூச்சுக்கு ஒரு ‘ம்’. இந்த இருபது வருஷத்தில் இவர் பேசும்போது நான் ஒரு தடவையாவது மூச்சை அடக்கியிருக்கிறேனா? அடக்கினால் ‘ம்’ வராது, ‘ம்’ வராவிட்டால் இவர் விடமாட்டார். கத்திரிக்காய் நறுக்கினாலும் கவலையில் இருந்தாலும் அது பாட்டுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

“நங்கையா, அந்தக் கதைய மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றேன்.

“இப்பத்தான சொன்னேன்?”

“மறுக்காச் சொல்லுங்க. வேன்ல ஏறுனதுல இருந்து, ஒண்ணு உடாமச் சொல்லுங்க.”

இப்படி ஒரு வேண்டுகோளை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல் ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் தண்ணீருக்குள் தலை போனதும் நெஞ்சு வழக்கம் போலச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வேனில் ஏறினேன். தட்டுகளை அடுக்கினோம். ம். முன் சீட்டில் யார் உட்காருவது என்று பெரியவருக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு. ம். காங்கயம் தாண்டியதும் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ம். ஒவ்வொரு ‘ம்’முக்கும் குழாயிலிருந்து கடகடவென்று குமிழி போயிற்று. பயிற்சியாளர் தோளைத் தட்டவில்லை. பந்திக்கு வந்து சேர்ந்தபோது கண்ணைத் திறந்தேன். அவர் என் முகத்துக்கு நேரே விரலை வட்டமாக வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் வளைத்துக் காட்டினேன்.

மேலே வந்ததும், என்ன பாட்டு முணுமுணுத்தீர்கள், நல்ல யோசனை என்றார். பாட்டு இல்லை, என் கணவரின் அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் படகுத்துறையைப் பார்த்தார். அங்கே நங்கையா குடையை மடக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளருக்கு என்ன புரிந்ததோ, நாளைக்குக் காலையில் படகு என்று மட்டும் சொன்னார்.

கடலுக்கு நங்கையாவும் படகில் வந்தார். நான் முதுகில் சிலிண்டரோடு விளிம்பில் உட்கார்ந்தபோது, என் நெற்றிக்கு நேரே கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி, “வெசயா மேல வந்தறாதே. அது எத்தனை நேரம் இருக்குதோ அத்தனை நேரம் பாரு” என்றார். பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கினோம்.

கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக இருட்டாகும். இங்கே வெளிச்சம் கூடவே வந்தது. பவளப்பாறை மேல் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் ஈரோட்டுச் சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி முண்டிக்கொண்டு போயின. நான் மூக்கைப் பிடித்துக் காதைச் சரிசெய்துகொண்டே, வேனை ஓட்டிக்கொண்டே இறங்கினேன். டீக்கடை தாண்டி, வாழை மரம் தாண்டி, பந்தியில் இரண்டாம் தடவை ரசம் வரும்போது பயிற்சியாளர் கையை அழுத்தினார்.

பாறைக்குக் கீழே ஆமை. ஒரு தாம்பாளத்தை விடப் பெரிது. எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஓடவில்லை, அவசரப்படவும் இல்லை. கொறித்து முடித்து, முன்கால் இரண்டையும் விரித்து எழும்பி எங்கள் பக்கமாகவே வந்தது. கண்ணுக்கு மேல் தோல் சுருக்கம் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தது. நாங்கள் அதன் கூடவே போனோம். நங்கையா சொன்ன அதே கொஞ்ச தூரம். என் மாஸ்க்குக்குள் கண்ணீர் வந்து தேங்கிவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தில் மூச்சு நின்றுதான் போயிருக்கும். நான் விடாமல் ‘ம்’ கொட்டிக்கொண்டே போனேன்.

மேலே வந்து குழாயை எடுத்ததும், “வந்துச்சுங்க” என்றேன்.

நங்கையா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தொடங்குவதற்குள், “இப்பச் சொல்லாதே. அவசரத்துல சொன்னா முக்கால்வாசி உட்டுப்போடுவே. நாளைக்கு முழுசா இருக்குதல்ல?” என்றார்.

நாளைக்கு என்பதுதான் அந்த விமானம் ஏறக்கூடாத நாள். காலையில் இரண்டு பேரும் தென்னை மரத்து நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். நான் அவருடைய வலது பக்கத்தில் உட்காரப் போனேன். என்னை எழுப்பி இடது பக்கத்துக்கு மாற்றி, நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தலைமுடியை ஒதுக்கிக் காதின் பின்னால் செருகினார்.

நான் சொன்னேன். படகு விளிம்பிலிருந்து விழுந்ததில் ஆரம்பித்தேன். வெளிச்சம் எப்படி இருந்தது, தண்ணீர் எங்கே குளிர்ந்தது, எந்த மீன் எந்தப் பக்கம் போனது. எனக்குப் பேசிப் பழக்கமில்லை. இரண்டு வாக்கியத்துக்கு மேல் நான் பேசியதை என் வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதும் இல்லை. திக்கித் திணறித்தான் வந்தது. ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். கடலையே பார்த்தபடி, “ம்” என்றார்.

இன்னும் கொஞ்சம் சொன்னேன். “ம்.” ஆமை கொறித்ததைச் சொன்னேன். “ம்.” என் கண்ணீரைச் சொன்னேன். அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “ம்” என்றார். ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை. நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். அந்த நாளைப் போல ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

போன மாதம் பவானியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சொந்தக்காரப் பெண்கள் நங்கையாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நின்று பாக்குப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். ஆமைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. படகு விளிம்பில் உட்கார்ந்தது, வெளிச்சம் கூடவே வந்தது, காதை அடைத்தது, எல்லாம் வந்தது. நான் சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு சிவப்பு மீனும் வந்தது, அது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. “எறங்குனமுங்க, எறங்குனமுங்க, பாத்தா அது பாட்டுக்குத் தின்னுட்டு இருக்குது” என்று கையை விரித்து நீந்திக் காட்டினார்.

முன்னால் இருந்த ஒரு பெண், தெரியாமல்தான் கேட்டாள். “அப்ப நீங்களும் உள்ள எறங்குனீங்களாங்க?”

விரித்த கை அப்படியே நின்றது. நங்கையா மூச்சை உள்ளே இழுத்தவர் விடவில்லை. தலையைத் திருப்பி, அந்தக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

நான் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “ம்” என்றேன்.

அவர் மூச்சு விட்டார். அந்தப் பெண்ணைப் பார்த்து, “அப்பறம் அந்த ஆமை எங்க பக்கமாத் திரும்புச்சுங்க” என்று கதையைத் தொடர்ந்தார்.